பழஞ்சீருந்தும் பால்மரமும்

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே பொறிக்கப்படுவதன்று. மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களிலும் அது படிந்து கிடக்கிறது. உளியும் மங்கும் காண்டாக் கம்பும் பால்வெட்டுத் தொழிலாளியின் வரலாற்றைச் சொல்லும். தட்டச்சுப் பொறியும் செக்ரோல் புத்தகமும் தோட்டத்துக் கிராணியாரின் வரலாற்றைச் சொல்லும். அவ்வாறே, பழைய வீடொன்றின் கொட்டகையில் சாயம் வெளுத்து, சக்கரத்தில் காற்றிழந்து நிற்கும் சீருந்து ஒன்றும் ஒரு நாட்டின் வரலாற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது.

பேரா மாநிலத்தில் இத்தகைய பழஞ்சீருந்துகளைத் தேடி வாங்கி, வீட்டிற்கு ஓட்டிச் சென்று, பழைய நிலைக்கு மீட்டெடுக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகி வந்திருக்கிறது. மொரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, ஹில்மன் மிங்ஸ், வோல்க்ஸ்வேகன் என்று அவரவர் விருப்பம் வேறுபடும். இவற்றுள் மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அது லூமுட்டில் வாங்கப்பட்டு ஈப்போவுக்கு ஓட்டிச் செல்லப்படுவதாகக் கொள்வோம். அவ்வண்டி கடக்கும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வழியில் தமிழர் வாழ்வு எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லூமுட்டின் நிலை

லூமுட் மலாக்கா நீரிணையை நோக்கிய துறைப்பட்டினம். எதிரே பங்கோர் தீவு. 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அத்தீவையொட்டிய கடலில் கையொப்பமான உடன்படிக்கையின் வழியாகவே ஆங்கிலேயர் ஆட்சி பேராவில் கால்கொண்டது. அதே உடன்படிக்கையால் லூமுட்டும் பங்கோரும் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி பேராவினின்றும் பிரிக்கப்பட்டு, நீரிணைக் குடியேற்ற நாடுகளோடு சேர்க்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் பேராவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, ஈப்போவிலிருந்து லூமுட்டுக்குச் சென்றவர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் சென்றவராகவே இருந்தார்.

லூமுட்டை அடுத்த சித்தியவான் பகுதியில் 1903-ஆம் ஆண்டில் சீனாவின் பூச்சாவ் வட்டாரத்துக் கிறித்துவர்கள் மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில் குடியேறினர். காலப்போக்கில் அவர்களுடைய சிறு தோட்டங்களிலும், ஐரோப்பியக் குழுமங்களின் பெருந்தோட்டங்களிலும் பால்மரம் தழைத்தது. பெருந்தோட்டங்களில் லயன் வீடுகள் எழுந்தன. கோயிலும் கள்ளுக்கடையும் தமிழ்ப்பள்ளியும் அவற்றைச் சூழ்ந்தன. பின்னர், 1980-களில், அரச மலேசியக் கடற்படையின் பெருந்தளம் லூமுட்டில் நிலைபெற்றபோது பட்டினத்தின் தோற்றமே மாறிற்று.

பால்மரமும் சக்கரமும்

சீருந்தின் வரலாற்றைப் பால்மரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராவின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அக்காலத்தில் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் சிலரே. காப்பியும் கரும்புமே தோட்டக்காரர்களின் கருத்தைக் கவர்ந்திருந்தன.

நிலைமையை மாற்றியது சக்கரம். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். 1895-இல் பாரிசுக்கும் போர்தோவுக்கும் இடையே நடந்த ஓட்டப் பந்தயத்தில் மிஷலின் உடன்பிறப்புகள் காற்றடைத்த டயரைச் சீருந்தில் பொருத்தி ஓட்டிக் காட்டினர். 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி வெளிவந்தது. 1927-இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது 1 கோடியே 50 இலட்சம் வண்டிகள் உருவாகியிருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு சக்கரங்கள். மாற்றுச் சக்கரம் வேறு. உலகம் இரப்பருக்கு ஏங்கியது. இதற்கிடையே சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்திருந்தார். 1910-ஆம் ஆண்டில் இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. காடுகள் தோட்டங்களாயின.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஆம் ஆண்டளவில் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை மேலோங்கியது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இவ்வோட்டம் நீடித்தது. டெட்ராயிட்டில் ஓடிய சக்கரத்திற்கும், விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்ற தமிழ்ப் பெண்ணுக்கும் உள்ள தொடர்பு இதுவே. அவள் அந்தச் சக்கரத்தைக் கண்டதில்லை. அந்தச் சக்கரத்தில் சென்றவனும் அவளை அறிந்ததில்லை.

சடக்கு போட்டவர்கள்

சக்கரம் மட்டும் இருந்தால் வண்டி ஓடாது, சாலையும் வேண்டும். ஈய வயல்களும் தோட்டங்களும் பெருகப் பெருக, மலாயாவின் மேற்குக் கரையில் சாலைகள் பெருகின. காட்டை வெட்டி, கல்லை உடைத்து, கொதிக்கும் தாரை ஊற்றிச் சடக்கு போட்டவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர் பெரும்பங்கு வகித்தனர். பொதுப்பணி இலாகாவின் கூலி லயன்கள் பல ஊர்களில் சாலையோரமாகவே அமைந்திருந்தன. சாலை முடிந்தபின்னும் அதைப் பேணும் வேலை அவர்களுடையதாகவே இருந்தது. புல் வெட்டுதல், கால்வாய் தூர்த்தல் நீக்குதல், மழையில் விழுந்த குழிகளை அடைத்தல் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் அவர்களே செய்தனர்.

லூமுட் பக்கத்திலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை சித்தியவான், ஆயர் தாவார், போத்தா, ஸ்ரீ இஸ்கண்டார், பூசிங், லகாட், மெங்லெம்பு என்னும் ஊர்களை இணைக்கிறது. போத்தாவில் பேராற்றைக் கடக்கும்வரை கண்ணுக்குத் தெரிவன பெரும்பாலும் செம்பனையும் சிற்றூர்களும். ஆற்றைக் கடந்து துரோனோவையும் பூசிங்கையும் நெருங்கும்போது ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி நிற்பதைக் காணலாம். இரப்பர், ஈயம் என்னும் இரண்டு செல்வங்களையும் ஒரே சாலை தொட்டுச் செல்கிறது. அச்சாலையில் ஒரு பழஞ்சீருந்து ஓடும்போது, அது தன்னை ஈன்ற வரலாற்றின் மீதே ஓடுகிறது எனலாம்.

மொரிஸ் மைனர் வந்த கதை

மொரிஸ் மைனர் 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959-இல் மினி சீருந்தைப் படைத்தவரும் அவரே. மைனரின் முன்மாதிரி ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றவே, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இடையே நான்கு அங்குலம் கூட்டி அகலப்படுத்தினார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையில் அந்தக் கடைசி நேரத் திருத்தத்தின் அடையாளத்தை இன்றும் காணலாம். முதலில் 918 கன சென்டிமீட்டர் அளவில் இருந்த பொறி, 1952-இல் 803, 1956-இல் 948, 1962-இல் 1098 என மாறியது. 1956 வரை முன்கண்ணாடி இரு துண்டுகளாக இருந்தது. ஆகவே ஒரு மைனரின் முன்கண்ணாடியையும் பொறியையும் பார்த்தே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். 10 இலட்சம் வண்டிகளை எட்டிய முதல் பிரிட்டிஷ் சீருந்து இதுவே. அந்த எண்ணிக்கை 1960-ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிற்று.

இவ்வண்டி மலாயாவுக்கு வந்த காலம் எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டாம் உலகப்போர் முடிந்து பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. அமெரிக்க டாலர் இல்லாமல் உணவும் இயந்திரமும் வாங்க முடியாத நிலை. ஸ்டெர்லிங் நாடுகளுக்கு டாலரை ஈட்டித் தந்தவற்றுள் மலாயாவின் இரப்பரும் ஈயமும் முன்னின்றன. பிரிட்டனில் இரும்புத் தகடு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அதிகம் ஏற்றுமதி செய்த தொழிற்சாலைக்கே அதிகம் கிடைத்தது. இவ்வாறு, தமிழ்த் தொழிலாளி வெட்டிய பால் டாலராயிற்று. அந்த டாலர் பிரிட்டனின் தொழிலைத் தாங்கிற்று. அத்தொழில் செய்த சீருந்து கப்பலேறி மலாயாவுக்கே விற்பனைக்கு வந்தது. இதைக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் மீது யாரும் எழுதி வைக்கவில்லை. படித்தறிந்தவர்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மைனர் அறிமுகமான அதே 1948-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள், பேராவின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டத் துரைமார் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு பயணம் செய்த காலம் அது. தொழிலாளருக்கோ அத்தகைய காப்பு இல்லை. ஊரடங்கும் சோதனையும் உணவுக் கட்டுப்பாடுமே அவர்கள் கண்டவை.

யார் வாங்கினார்கள்?

தோட்டத்தில் ஊர்திகளுக்கும் ஒரு படிநிலை இருந்தது. துரைக்குச் சீருந்து, கிராணியாருக்கு மோட்டார் சைக்கிள், தண்டலுக்கு மிதிவண்டி, தொழிலாளிக்குக் கால். நாடு 1957-இல் விடுதலை பெற்றதையொட்டி ஐரோப்பியர் பலர் தாயகம் திரும்பினர். அவர்கள் விட்டுச் சென்ற வண்டிகள் கைமாறின. ஆசிரியர், மருத்துவ உதவியாளர், அலுவலக எழுத்தர், சிறு வணிகர் ஆகியோர் பழைய மொரிசையும் ஆஸ்டினையும் வாங்கத் தொடங்கினர். ஒரு தமிழ்க் குடும்பத்தில் முதல் சீருந்து வாங்கப்பட்ட நாள் திருநாளைப் போன்றது. கோயிலுக்குக் கொண்டுபோய் மாலையிட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டி வீட்டுக்குச் செல்லும்.

எனினும் பெரும்பாலான தொழிலாளர்கள் சீருந்துக்கு முன் வாங்கவேண்டிய வேறொன்று இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பியக் குழுமங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையும் வீடும் ஒருங்கே பறிபோகும் நிலை உருவாயிற்று. பேராவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்குமாறு தொழிலாளரை வேண்டினார். அவ்வாறு சேர்ந்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. துரையின் வண்டியைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள், துரையின் தோட்டத்தையே கூட்டாக வாங்கினர். நம் வரலாற்றில் நடந்த பெரிய வாங்குதல் இதுவே.

வாங்கும் முறை

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கடலோர ஊரில் பழஞ்சீருந்து வாங்குவோர் முதலில் அஞ்சவேண்டியது துருவை. உப்புக் காற்று இரும்பை விரைந்து அரிக்கும். மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் கதவின் கீழ்ப்பகுதியும் பக்கத் தாங்கிகளும் சேர்ந்தே வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றன. மேற்சாயம் பளபளத்தாலும் அடித்தகடு உளுத்திருந்தால் வண்டி வலுவற்றது. காந்தத்துண்டு ஒன்றைத் துணியில் சுற்றித் தகட்டின் மீது நகர்த்தினால், அது ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் நிரப்புப் பசையே இருக்கிறது என்பது தெளிவாகும். பின்புற வில் பொருந்தும் இடம், தூக்கி வைக்கும் இடம், முன்சக்கர வளைவின் உட்புறம் ஆகியவற்றைக் குனிந்து பார்த்தல் வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டு முறையாக மசகிடப்படாவிட்டால் தேய்ந்து கழன்றுவிடும். ஓடும்போதே சக்கரம் மடிந்து போகும். ஆகவே சக்கரத்தை உயர்த்தி, கையால் அசைத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

ஆவணங்களும் அவ்வாறே. பதிவு அட்டையில் உள்ள பொறி எண்ணும் அடித்தட்டு எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பேராவின் பதிவெழுத்தாகிய 'ஏ' முன்னே நிற்க, பழைய எண் பலகை இன்றும் மாறாதிருக்குமானால், அது அவ்வண்டியின் பிறப்புச் சான்றிதழைப் போன்றது. உரிமையாளர் மறைந்திருந்தால் வாரிசுகளின் ஒப்புதல் முறைப்படி பெறப்பட வேண்டும். அவசரத்தில் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆண்டுக்கணக்கில் அலைவோர் உண்டு.

வீட்டுக்கு ஓட்டிச் செல்லல்

வாங்கிய வண்டியை அன்றே ஓட்டிச் செல்லவேண்டும் என்னும் ஆசை இயல்பானது. ஆனால் சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் செலுத்துவது குற்றம். அவை முடிந்துபோயிருந்தால், சுமையுந்தில் ஏற்றிச் செல்வதே முறை. அவை இருப்பினும் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியைச் சோதியாமல் ஓட்டுதல் தகாது. தொட்டியில் தேங்கிய பெட்ரோல் கெட்டிருக்கும். அதை வடித்து, குழாய்களையும் கார்புரேட்டரையும் தூய்மை செய்தல் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அதன் தலைமை உருளை மைனரில் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே மறைந்திருப்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

டயரைப் பற்றி ஒரு சொல். பல்லெல்லாம் புதிதுபோல் இருந்தாலும் பழைய டயரை நம்பலாகாது. இரப்பரும் மூப்படையும். காற்றும் வெயிலும் அதை இறுகச் செய்து, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பால்மரத்தின் பயனை நன்கறிந்த மண்ணில் வாழ்வோர் இதை மறக்கலாகாது.

சோதனைகள் முடிந்து புறப்படுவோர் மெல்லச் செல்ல வேண்டும். இன்றைய வண்டிகள் பறக்கும் அகன்ற சாலையில் மைனரின் வேகம் சிறியது. அதன் பிரேக்கும் இன்றைய பிரேக்கைப் போல் உடனே பிடிக்காது. ஆயர் தாவாரில் ஒருமுறை, போத்தாவில் ஒருமுறை நிறுத்தி, சக்கர மையத்தைத் தொட்டுச் சூடு பார்த்து, தண்ணீர் அளவையும் எண்ணெய் அளவையும் நோக்கிச் செல்பவரே வண்டியைப் பழுதின்றி ஈப்போவில் சேர்ப்பர்.

மீட்டெடுக்கும் கலை

பழைய பொறியைப் பிரித்துப் பார்த்து அறிவு பெறுதல் தமிழருக்குப் புதிதன்று. கோவையின் ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்து, அதை வாங்கி, முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டினார் என்பது அவர் வரலாறு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், பின்னர் பெருந்தொழில் நிறுவனங்களை உருவாக்கினார். அவர் பெயரால் கோவையில் இன்று பழஞ்சீருந்துக் காட்சியகம் ஒன்றும் இயங்குகிறது.

யாழ்ப்பாணத்தில் இக்கலை தேவையினால் வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்கிருந்த மொரிஸ் மைனரும் ஆஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டுப் பொறியை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நோயாளியை மருத்துவமனைக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் அந்த வண்டிகளே கொண்டு சென்றன. எளிய பொறியை எளியவரும் பழுதுபார்க்க முடிந்ததாலேயே அது இயன்றது. இங்கிலாந்தில் பாத் நகரின் சார்லஸ் வேர், ஒரு சீருந்தை எறியாமல் செப்பனிட்டுச் செப்பனிட்டுப் பல்லாண்டு பயன்படுத்தலாம் என்னும் கொள்கையை மொரிஸ் மைனரைக் கொண்டே நிலைநாட்ட முற்பட்டார். அவ்வண்டிக்கான தகட்டுப் பகுதிகள் இலங்கையிலும் செய்யப்பட்டன. மைனரின் பிற்காலப் பொறியின் இனமே மினியிலும் 2000-ஆம் ஆண்டுவரை பொருத்தப்பட்டதால், பொறியின் பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. கிடைத்தற்கு அரியது கைத்திறனே. தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைவு கொணரும் பட்டறைக்காரர்கள் அருகி வருகின்றனர். அவர்களிடம் கற்க இளைஞர் முன்வராவிடில் அக்கலை அவர்களோடு முடிந்துவிடும்.

மீட்டெடுத்தல் வேறு, மெருகிடுதல் வேறு. புதுச் சாயம் பூசி, பளபளக்கும் உலோகப் பட்டைகளை அடித்து, பழைய அடையாளங்கள் அனைத்தையும் அழித்துவிட்டால், கண்ணுக்கு அழகான வண்டி கிடைக்கும், வரலாறு கிடைக்காது. கதவின் உட்புறம் ஒட்டிய பழைய சாயத்துணுக்கு, இருக்கைக்கு அடியில் கிடக்கும் பெட்ரோல் நிலையச் சீட்டு, முன்தட்டில் ஒட்டிய சிறு சாமிப் படத்தின் தழும்பு ஆகிய ஒவ்வொன்றும் சான்றே. அவற்றைப் படமெடுத்து, குறித்துவைத்த பின்னரே பிரித்தல் வேண்டும்.

எழுத வேண்டிய ஏடு

வண்டியை மீட்பவர் ஓர் ஏட்டையும் தொடங்க வேண்டும். யார் யார் அதன் உரிமையாளர், எந்தத் தோட்டத்தில் ஓடியது, யார் அதை ஓட்டினார், யார் அதைக் கழுவினார், எந்தப் பட்டறையில் பழுது பார்த்தார்கள் என்பன அதில் இடம்பெற வேண்டும். விற்பவரின் வீட்டு முதியவரிடம் அரைமணி நேரம் அமர்ந்து கேட்டாலே பாதி ஏடு நிரம்பும். அத்தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் மறுபாதியும் நிரம்பும். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயன்கள் இடிக்கப்பட்டன. தோட்டப் பள்ளிகள் சில பெயர் மாறின, சில இடம் மாறின, சில மூடப்பட்டன. 1950-களில் இளைஞராய் நிரை பிடித்தவர்கள் இன்று எண்பதைக் கடந்த முதியவர்கள். காலம் அதிகமில்லை.

அந்த ஏட்டின் படி ஒன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் சேர்த்துவிட்டால், மாணவர்கள் தம் ஊரின் வரலாற்றைத் தம் மொழியிலேயே படிப்பார்கள். துரையின் வண்டியைத் துடைத்துப் பாதுகாக்கும் நாம், அந்த வண்டிக்கு டயரும் சாலையும் தந்த நம்மவர் பெயர்களை எழுதாமல் விடுவது முறையாகாது. வண்டியைப் பிறகும் செப்பனிடலாம். முதியவர் நினைவைப் பிறகு செப்பனிட முடியாது. ஆதலால் திருகாணியைக் கழற்றும் முன் எழுதுகோலைக் கையிலெடுப்பதே அறிவுடைமையாகும்.